கடைசியாக நன்றாக இருந்த நேரம்

பாலிடெக்னிக்கில் நான் கணினிப் பாடம் எடுக்கிறேன். போன மழைக்காலத்துக்குச் சற்று முன்பு ஒரு மாணவி எழுந்து, பென்டிரைவில் நிறையப் படம் ஏற்றினால் அதன் எடை கூடுமா என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நமக்குத் தெரிகிற அளவுக்கு ஒன்றும் கூடாது, உள்ளே மின்னூட்டம் இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான் என்றேன். அவள் விடவில்லை. அப்படியானால் தகவல் என்பது பொருளா, இல்லையா என்றாள். ஒரே பாட்டைப் போனிலும் கேட்கலாம், லேப்டாப்பிலும் கேட்கலாம்; பெட்டி மாறினாலும் பாட்டு மாறுவதில்லை. ஆகவே தகவல் வேறு, அதைத் தாங்குகிற பொருள் வேறு என்று சொல்லி முடித்தேன். எனக்கே அந்தப் பதில் அரைகுறையாகத்தான் பட்டது. மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணனுக்கு அபிஷேகப்பாக்கத்தில் நெல் கழனி. நான் இருப்பது வில்லியனூரில். அண்ணி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"உங்கண்ணன் வரப்புல வுழுந்து கெடக்கறாரும்மா. பேச்சு வரல. வாய் ஒரு பக்கமா போயிடுச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் காரில் அவரை ஏற்றிக்கொண்டு வர, நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அண்ணனின் வலது கை கீழே தொங்கியது. சட்டையெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் அடையாளம் தெரிந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். "தா, தா" என்று மட்டும் வந்தது.

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்றார் டாக்டர். இளம் வயதுப் பெண். அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது.

"கடைசியா இவர் நல்லா இருந்ததை எப்போ பார்த்தீங்க?"

"விடியறப்ப. அஞ்சரை இருக்கும். காப்பி குடிச்சிட்டுக் கழனிக்குப் போனாரு" என்றார் அண்ணி.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை தாண்டியிருந்தது. அடைப்பு ஏற்பட்டு நாலரை மணி நேரத்துக்குள் என்றால் அந்த ஊசியைப் போடலாம். அதற்கு மேல் போட்டால் பழுதான இடத்தில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எப்போது ஆயிற்று என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் நேரம் கடந்துவிட்டது. இன்னொரு வகை ஸ்கேன் எடுத்தால் ஓரளவு தெரியும் என்றார். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் விபத்தில் அடிபட்ட ஒருவர் இருந்தார். அவருக்கு முடிய நேரமாகும். "அவர் அஞ்சரைக்கு அப்புறம் நல்லா இருந்தார்னு யாராவது உறுதியா சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணனிடம் போனார்.

அதைச் சொல்ல முடிந்த ஒரே ஆள் எங்கள் எதிரிலேயே படுத்திருந்தார். நான் குனிந்து, எப்போது ஆயிற்று என்று கேட்டேன். இடது கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினார். பிறகு ஐந்து. பிறகு, அதுவும் இல்லை என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. இதை நம்ப முடியாது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

அண்ணி முந்தானையிலிருந்து அண்ணனின் போனை எடுத்துக் கொடுத்தார். வாய்க்காலில் கிடந்ததாம். சார்ஜ் போடும் துளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் கடைசியாக யாரிடம் பேசினார், எப்போது பேசினார் என்பதெல்லாம் அதற்குள் ஒரு சிப்பில் கெடாமல் இருக்கும். காயவைத்து, பிரித்து, ஒருநாள் படித்துவிடலாம். எங்களுக்கு ஒருநாள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போன்மேல் போன் போட்டார். நடவு முடிந்த கழனிகளில் அன்று யாரும் இல்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை.

வரப்பில் எப்படிக் கிடந்தார் என்று அண்ணி மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். சேறு, செருப்பு, வாய்க்கால் தண்ணீர். நடுவில், "மோட்டார் கூட ஓடல" என்றார்.

மோட்டாரை யார் நிறுத்தியது?

போன வருடம் போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற பெட்டி ஒன்றை அண்ணன் வாங்கினார். நான்தான் அதை அமைத்துக் கொடுத்தேன். இரண்டு நம்பர் கேட்டது. இரண்டாவதாக என்னுடையதைப் போட்டேன். ஓடினாலும் நின்றாலும் எனக்கு மெசேஜ் வரும். வகுப்பு நடுவில் அது ஓயாமல் கத்தியதால் தடுத்து வைத்திருந்தேன். தடுத்த மெசேஜ்கள் போகிற இடத்தைத் திறப்பதற்குள் என் விரல் இரண்டு முறை வேறெங்கோ பட்டது. அன்றைய தேதியில் இரண்டு இருந்தன. ஆறு மணி வாக்கில், கரன்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடியது. எட்டேகாலுக்கு, அண்ணன் நம்பரிலிருந்து வந்த கட்டளைப்படி நின்றது.

ஓடிப்போய் டாக்டரிடம் காட்டினேன். கரன்ட் போய் நின்றிருக்கலாமே என்றார். அப்படி நின்றால் மெசேஜில் அதுவே வரும் என்று பழையவற்றைத் தள்ளிக் காட்டினேன். பையில் இருந்த போன் தானாக அமுங்கியிருந்தால்? முடியாது. அந்தப் பெட்டிக்குக் கால் செய்ய வேண்டும், குரல் சொல்வதைக் கேட்க வேண்டும், நிறுத்துவதற்கான எண்ணை அமுக்க வேண்டும். அண்ணன் போனை வேறு யாராவது வாங்கியிருப்பார்களா என்று கேட்டதற்கு, அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார் என்றார் அண்ணி.

டாக்டர் தலையசைத்தார். அவர் கேட்காத ஒன்று என்னிடம் இருந்தது. டவர் இல்லாதபோது மெசேஜ் தாமதமாக வரும். ஆறரைக்கு நடந்தது எட்டேகாலுக்கு வந்து சேர்ந்திருந்தால், நான் காட்டிய நேரமே அண்ணனைக் கொன்றுவிடும். சொன்னால் ஊசி இல்லை என்று ஆகிவிடலாம்.

"மெசேஜ் லேட்டாவும் வரலாம், டாக்டர்" என்றேன்.

நான் சத்தமாக யோசித்தேன். நிறுத்தச் சொன்னதே ஒரு போன் கால்தான். கால் போய்ச் சேர்ந்தது என்றால் அந்த நிமிடம் அந்தப் பெட்டிக்கு டவர் இருந்திருக்கிறது. டவர் இருந்தால் மெசேஜும் உடனே கிளம்பியிருக்கும். மெசேஜின் விவரத்தைத் திறந்து பார்த்தோம். அனுப்பிய நேரமும் வந்த நேரமும் ஒன்றாகவே இருந்தன. டாக்டர் போனை வாங்கித் தானும் படித்தார். ஒதுங்கிப் போய்ப் பெரிய டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார்.

"எட்டேகால்னு எடுத்துக்கறோம். ஆனா ஊசி போட்டாலும் சிலருக்கு ரத்தம் கசியலாம். நீங்க சம்மதிச்சாதான்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"போடச் சொல்லுங்க அண்ணி" என்றேன்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நர்ஸ் அடிக்கடி வந்து ரத்த அழுத்தம் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். இடையில் டாக்டர் வந்து நின்றபோது, அந்த இன்னொரு ஸ்கேன் எப்படி நேரம் சொல்லும் என்று கேட்டேன். பேசாமல் இருக்க முடியவில்லை. ரத்தம் போகாத இடத்தில் செல்கள் நீரை இழுத்து வீங்கத் தொடங்கும், வீக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வைத்துச் சொல்வோம் என்றார். அப்படியானால் அந்த ஒரே நேரம் நனைந்த போனில் ஒருவிதமாகவும், என் போனில் ஒருவிதமாகவும், அண்ணனின் தலைக்குள் வீக்கமாகவும் இருந்திருக்கிறது. வகுப்பில் நான் சொன்னதில் பாதி சரி. பெட்டி மாறலாம். ஆனால் ஏதாவது ஒரு பெட்டி வேண்டும். எதிலும் பதியாமல் போயிருந்தால், அண்ணன் எட்டேகால் வரை நன்றாக இருந்தார் என்பது உண்மையாக இருந்தும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

மதியத்துக்கு மேல் அண்ணனின் வலது கை விரல்கள் நர்ஸின் விரலைப் பிடித்தன. சாயங்காலம் அண்ணி என்னைக் காட்டி யார் என்று கேட்டார். வெகுநேரம் போராடி, "தங்கச்சி" என்றார். அண்ணி அப்போதுதான் அழுதார்.

இப்போது அவர் நடக்கிறார், கழனிக்குப் போகிறார், மோட்டார் போடுகிறார். சில பொருள்களின் பெயர்கள் மட்டும் போய்விட்டன. மண்வெட்டியைச் சரியாக எடுத்து வெட்டுவார். அதற்குப் பெயர் என்ன என்றால் திகைத்து நிற்பார். "மண்" என்று யாராவது தொடங்கினால் மீதி தானாக வந்துவிடும். அந்தச் சொல் எங்கே இருக்கிறது, முழுதாக அழிந்ததா, போகிற வழி மட்டும் அடைபட்டதா என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவரைக் கேட்டேன். பக்கத்துச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும், பொறுங்கள் என்றார்.

போன ஞாயிறு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் தட்டைப் பார்த்து, ஏதோ இல்லை என்று கை காட்டினார். என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"சொல்லாத. வரும்" என்றார்.

யாரும் சாப்பிடவில்லை. அவர் உதடு இரண்டு மூன்று முறை குவிந்து பிரிந்தது. வரவில்லை. கடைசியில் எழுந்து தானே சமையலறைக்குப் போய், ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்து நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.