மனுவோடு போன நெற்பயிர்

பயிரில் பூச்சி என்று தகவல் கொடுத்தால், வேளாண் அலுவலர் வயலுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. முசரவாக்கத்தில் என் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் கன்னியம்மாளுக்கு அதில் விளையும் நெல்தான் வருடச் சாப்பாடு. அதில் பூச்சி விழுந்ததும், ஊராருக்கு மனு எழுதித் தரும் நான் முறைப்படி எழுதி அனுப்பினேன். ஆய்வுக்கு ஆதாரம் வேண்டும், அதுவரை மருந்து அடிக்க வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லிவைத்தேன்.

யாரும் வரவில்லை. நெல் வட்ட வட்டமாகக் காய்ந்தது.

"உங்க மனுவ பூச்சி படிச்சுக்கினு இருக்குதா சார்?" என்றார் கன்னியம்மாள்.

காய்ந்த தூர் ஒன்றை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் அலுவலகத்துக்கே போனோம். மேசைமேல் வைத்ததும் அலுவலர் பதறி எழுந்தார்.

"புகையான் பூச்சிமா இது, தண்ணி நின்னா பெருகிடும். இன்னிக்கே வயல் தண்ணிய வடிச்சுடுங்க."

மானிய விலையில் மருந்தும் கொடுத்தார். பாதிக்குமேல் தப்பியது.

இப்போதெல்லாம் மனு கேட்டு வருபவர்களிடம், முதலில் பயிரைப் பிடுங்கிவரச் சொல்கிறேன். அலுவலர் விரைவில் வயலைப் பார்வையிடுவார் என்று அந்த மனுவுக்குப் பதில், கன்னியம்மாள் அறுவடை முடித்து வைக்கோல் போர் போட்ட தை ஐந்தாம் தேதி வந்தது.