யாரும் பேசாதபோது திரையில் வந்த சொற்கள்

“மிஸ், அந்த ரூமுக்குள்ள இனி நான் போகமாட்டன். வேற யாரையாவது போடச் சொல்லுங்க.”

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் புறப்படும் நேரத்தில் வந்த போன். பேசியது ஃபஸ்லியா. எங்கள் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் இளம் விரிவுரையாளர். எதற்கும் பதறாத பிள்ளை. அவளிடமிருந்து இப்படி ஒரு பேச்சா?

என் வேலை என்னவென்று இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கும் உங்களுக்குத் தெரியும் – படிப்பிக்கிறவர்களுக்குப் படிப்பிப்பது. கொஞ்சக் காலமாக அதில் ஒரு புதுத் தலையிடி. வெளிநாட்டு மாணவர்கள். மாலைதீவு, பங்களாதேஷ், இந்தோனேசியா என்று வருகிறார்கள். எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும், ஆனால் ஆளுக்கொரு ஆங்கிலம். நம்முடைய கல்முனை ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிபடாது. அவர்களுடையது நமக்குப் பிடிபடாது. நன்றாகப் படித்த விரிவுரையாளர்கள்கூட வகுப்பு வாசலில் தயங்கி நிற்பார்கள். அவர்களுக்குத் தைரியம் சொல்லி உள்ளே அனுப்புவது என் பொறுப்பு.

ஃபஸ்லியாவுக்கு ஒரு வழி காட்டியிருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறது. நாம் பேசப் பேச அது கேட்டுக்கொண்டே இருந்து, அதையே ஆங்கில எழுத்தாகத் திரையின் அடியில் ஓடவிடும். உச்சரிப்பு பிடிபடாத பிள்ளைகள் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது...

நடந்ததை அவளே சொன்னாள்.

ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, “இதில் பிழை எங்கே?” என்று கேட்டிருக்கிறாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் பேசாமல் நின்றிருக்கிறாள். அப்போது பிள்ளைகளின் கண்கள் எல்லாம் ஒன்றாக அவள் தோளுக்கு மேலே போயின. திரும்பிப் பார்த்தாள். திரையின் அடியில் ஒரு வரி.

‘அங்கே இருக்கிறாயா?’

யாரும் பேசவில்லை. பிறகு இன்னொரு வரி.

‘நான் வருகிறேன்.’

ரிஸ்கி என்ற இந்தோனேசிய மாணவன் எழுந்தான். “மேடம், யார் பேசுவது?” என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விட்டான். அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் இல்லை. ஆனால் திரையில் வரிகள் மட்டும் வந்தன.

“ஒங்களுக்குத் தெரியுந்தானே மிஸ், அந்தக் கட்டடம் இரிக்கிற எடம்?”

தெரியும். கடல் வருவதற்கு முன்பு அங்கே வீடுகள் இருந்தன. சாய்ந்தமருதுப் பக்கம் யாரும் ‘சுனாமிக்கு முன்’ என்று சொல்வது குறைவு. ‘கடல் வாறதுக்கு முந்தி’ என்றுதான் சொல்வார்கள்.

கதை ஹொஸ்டலுக்குள் பரவிவிட்டது. சில பிள்ளைகள் வேறு அறை கேட்டார்கள். ஒரு மாலைதீவுப் பெண் ஊருக்கே திரும்புகிறேன் என்றாள். மௌலவியைக் கூட்டி வந்து ஓதச் சொல்லலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் கம்ப்யூட்டர் பிரிவு நளீமிடம் போனேன்.

நளீம் சிரிக்கவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

“மிஸ், இந்த மெஷினுக்கு ஒரு வருத்தம் இரிக்கி, நோய் மாதிரி. சத்தம் கேட்டா அதச் சொல்லாக்கத்தான் பாக்கும். ஆள் கதைக்காட்டியும் காத்துச் சத்தம், அலைச் சத்தம், எதக் கேட்டாலும் ஒரு வசனத்த ஊகிச்சுப் போட்டுரும். ஜன்னலச் சாத்திப் பாருங்க.”

இவ்வளவுதானா? எனக்கு மனது லேசாகிவிட்டது. ஃபஸ்லியாவைச் சமாதானப்படுத்தி, அடுத்த நாள் காலை வகுப்புக்கு நானும் கூடவே போனேன்.

மேல்மாடி. கடல் பக்கம் வரிசையாக ஜன்னல்கள். நல்ல வெயில். பின்வரிசையில் உட்கார்ந்தேன். பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். நளீம் சொன்னதை ஃபஸ்லியா ஆங்கிலத்தில் சொன்னாள். சொல் சொல்லாகத் திரையில் ஓடியது. பிறகு, “இப்போது எல்லாரும் பேசாமல் இருப்போம்” என்றாள்.

இருந்தோம். காற்று ஜன்னல் கம்பிகளை உரசிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் கடலின் இரைச்சல். திரை வெறுமையாக இருந்தது. பிறகு மெதுவாக, யாரோ யோசித்து யோசித்துச் சொல்வதைப் போல...

‘இங்கே இருட்டாக இருக்கிறது.’

காரணம் தெரிந்திருந்தும் என் கழுத்து சில்லிட்டது. காரணம் மூளைக்குத்தானே தெரியும்? கழுத்துக்கு யார் விளங்கப்படுத்துவது?

“சாத்துங்க” என்றேன். பிள்ளைகள் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். இரைச்சல் அடங்கியது. காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு சொல்கூட இல்லை. மாலைதீவுப் பெண் பெருமூச்சு விட்டாள். யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் கவனித்தேன். கதவடியில் ரிஸ்கி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ.

“உள்ளே வாருங்கள், அது மெஷினுடைய பிழைதான்” என்றாள் ஃபஸ்லியா.

“தெரியும் மேடம்” என்றான். மெல்லிய குரல். “அன்றைக்கே தெரியும். எங்கள் நாட்டிலும் இந்த வசதி இருக்கிறது. இப்படித்தான் செய்யும்.”

“பிறகு ஏன் போனீர்கள்?”

சாத்தியிருந்த ஜன்னல்களைப் பார்த்தான்.

“நான் இந்தோனேசியாவில் ஆச்சேக் கடற்கரையில் பிறந்தவன். கடல் வந்தபோது கைக்குழந்தை. என் தாய் கிடைக்கவில்லை. அடக்கம் செய்த கப்ர் இருந்தால் பக்கத்தில் போய்ச் சலாம் சொல்லலாம். எனக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அவருடைய குரல் எப்படி இருக்கும் என்றும் தெரியாது.” திரையைக் காட்டினான். “எழுத்துக்குக் குரல் இல்லை மேடம். அது யாருடையதாகவும் இருக்கலாம். ‘அங்கே இருக்கிறாயா’ என்று கேட்டால், மெஷின்தான் என்று தெரிந்தாலும், பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? கடற்கரைக்குப் போனேன்.”

அவன் பேசியதெல்லாம் திரையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சிலர் அவனைப் பார்த்தார்கள். சிலர் வாசித்தார்கள்.

ஃபஸ்லியா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். இப்படி ஒரு நேரத்தில் விரிவுரையாளர் என்ன சொல்ல வேண்டும் என்று என் பயிற்சி வகுப்பில் எந்தப் பாடமும் கிடையாது.

அவளே பேசினாள். ஜன்னலுக்கு வெளியே, சவுக்கு மரங்கள் நிற்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

“எங்கள் வீடு அங்கேதான் இருந்தது. எனக்கு ஒரு ராத்தா. கூடப் பிறந்த அக்கா. என்னை மதிலுக்கு மேலே தூக்கிவிட்டாள். அவளும் கிடைக்கவில்லை.”

இவ்வளவு காலம் பழகியும் எனக்கே இது தெரியாது. அந்த அறைக்குள் போகமாட்டேன் என்று அவள் சொன்னது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அது திரையில் வரும் பிழை. அவளுக்கு அப்படி இல்லை.

ரிஸ்கி உள்ளே வந்து உட்கார்ந்தான். ஒரு பங்களாதேஷ் பையன் – வந்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு சொல் பேசாதவன் – தன் ஊர்ப் புயலைப் பற்றிச் சொன்னான். மாலைதீவுப் பெண் தன் தீவைப் பற்றிச் சொன்னாள். உச்சரிப்பெல்லாம் தாறுமாறு. யாருக்கும் விளங்காமல் போகவில்லை. அன்று புள்ளிவிபரவியல் நடக்கவே இல்லை.

இப்போது வகுப்பு ஒழுங்காகப் போகிறது. ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. மின்விசிறி போதாது என்று முறைப்பாடு வந்திருக்கிறது. முறைப்பாடு வந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

நேற்று ஃபஸ்லியாவைக் கன்ரீனில் கண்டேன். முகம் தெளிந்திருந்தது. பிளேன்ரீ குடித்துக்கொண்டே, சும்மா சொல்வதைப் போலச் சொன்னாள்.

“புள்ளைகள் போன பொறகு, மெஷின நிப்பாட்ட முந்தி, ஒரு ஜன்னல மட்டும் தொறந்து வெச்சிட்டுக் கொஞ்சம் இரிக்கிற நான், மிஸ்.”

“ஏதும் எழுதுதா?”

“ஓம், எழுதுது.”

என்ன எழுதுகிறது என்று நான் கேட்கவில்லை... நீங்களும் கேட்காதீர்கள்.