சைக்கிளுக்கு ஒரு சோபா

எங்க வீட்டுக்காரர் உக்கார்ற தொழில்ல இருக்கிறவர். தப்பா நினைக்காதீங்க, ஊரு உக்கார்றதுக்கு மெத்தை தைக்கிற தொழில். சோபா, நாற்காலி, பஸ் சீட்டு, பல் டாக்டர் ஆளைச் சாய்ச்சுப் போடுற அந்த நாற்காலி வரைக்கும் அவர் கை பட்டிருக்கு. முப்பத்தி நாலு வருஷமா எல்லாருக்கும் அவர் குஷன்காரர். பேங்க்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவரே திரும்பிப் பார்க்க மாட்டார், நான்தான் முழங்கையால இடிப்பேன்.

வேலை செய்யும்போது வாயில எட்டுப் பத்து குட்டி ஆணியை அடக்கி வச்சிருப்பார். நாக்கால ஒண்ணொண்ணா உதட்டுக்குத் தள்ளி, எடுத்து அடிப்பார். பேச்சும் அந்த ஆணிக்கு நடுவுலதான் வரும். பாதி புரியாது, புரிஞ்ச பாதியும் பெருமையாத்தான் இருக்கும். எந்த இருக்கையைப் பார்த்தாலும் கட்டைவிரலால ஒரு அழுத்து. "இது மூணு வருஷம்." "இது விருந்தாளி முன்னாடி மானத்தை வாங்கிடும்." அந்தக் கட்டைவிரல் மேல இருக்கிற நம்பிக்கை அவருக்கு என் மேல கூட கிடையாது.

இப்படி உலகத்தையே உக்கார வச்ச மனுஷனுக்கு ஐம்பத்தெட்டு வயசுல முட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சது. எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி வர்றதுக்குள்ள ரெண்டு இடத்துல நிப்பார். யாராவது பார்த்தா செருப்பைச் சரி பண்ற மாதிரி நடிப்பு வேற.

நடிப்பு எங்க பொண்ணுகிட்ட எடுபடல. "அப்பா, எங்க வீட்டுக்குக் கீழ் வீடு காலியாகப் போகுது. படியே கிடையாது, நேரா உள்ள நடந்து போகலாம். மூணு மாசத்துல முடிவு சொல்லுங்க, ஓனர்கிட்ட பேசி வச்சிருக்கேன்"னு போட்டாளே ஒரு குண்டு.

எங்க மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கித் தரையில போடுற தங்கம். அவருக்குத் தரை, கீழ இருக்கிறவனுக்கு மண்டை. அதை விடுங்க. எனக்கு என் மூணாவது மாடி வேணும். பால்கனில நின்னா காத்து நேரா மூஞ்சில அடிக்கும், துணி ஒரு மணி நேரத்துல காயும். என்னை ஒருத்தரும் எட்டிப் பார்க்க முடியாது, நான் எல்லாரையும் பார்க்கலாம். இதை விட்டுட்டு மக வீட்டுக்கு அடியில போய் நான் குடியிருக்கணுமா?

டாக்டர்கிட்ட போனோம். "நடக்காதீங்க, இப்போதைக்கு முட்டி தாங்காது. சைக்கிள் மிதிங்க. காலுக்கு வேலை இருக்கும், உடம்பு பாரத்தை சீட்டு தாங்கிக்கும்"னார்.

சீட்டுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்ததும் எங்க ஆளு நிமிர்ந்து உக்காந்தார். "அதை என்கிட்ட விட்டுடுங்க டாக்டர்." எனக்கு அப்பவே தெரியும், இது உருப்படாதுன்னு.

சைக்கிள் கடையை நடத்துறது ஒரு பொம்பளை. ஒல்லியா, கையெல்லாம் கிரீஸா இருந்தாங்க. எங்க ஓட்டப் போறீங்கன்னு முதல்ல கேட்டாங்க. நான்தான் சொன்னேன். வீட்டுலேருந்து அவர் பட்டறை வரைக்கும் தார் ரோடு. அப்புறம் லாரி நிறுத்துற இடம், செங்கல் பாவினது. அதைத் தாண்டினா கால்வாய்க் கரை, சரளையும் மண்ணும். போக வர ஒன்பது கிலோமீட்டர். கரையில ஆள் நடமாட்டம் கம்மி, அவர் மூச்சு வாங்குறதை யாரும் பார்க்க மாட்டாங்க.

"அப்ப ஒல்லி டயர் வேண்டாம், சரளைல வழுக்கிவிட்டுடும். மலைக்கு ஓட்டுற பல்லு டயரும் வேண்டாம், தார் ரோட்டுல ஆளைப் பின்னாடி இழுக்கும். நடுத்தரமா டயர், நேரான கைப்பிடி, ஏழு கியர். ஹைபிரிட் எடுத்துக்கோங்க."

"ஹைபிரிட்னா தக்காளி மாதிரியாம்மா?"

"அதேதான் அக்கா. ரெண்டுக்கும் பொறந்தது."

நாங்க ரெண்டு பேரும் டயர், பிரேக்குன்னு பேசிக்கிட்டு இருக்கோம், மனுஷனைக் காணோம். திரும்பிப் பார்த்தா கடை முழுக்க சீட்டு சீட்டா கட்டைவிரலால அழுத்திக்கிட்டு வர்றார். கடைசில ஒரு மூலைல போய் நின்னுட்டார். முன்னாடி கூடை, கூடைல பிளாஸ்டிக் பூ, அகலமா ஸ்பிரிங் வச்ச சீட்டு. கியரும் கிடையாது ஒரு எழவும் கிடையாது. "இதான். ஏழு வருஷம் அசையாது."

"சார், அது தெருமுனைக்குப் போய் பால் வாங்கிட்டு வர்ற சைக்கிள். கரை மேட்டுல ஏறாது"ன்னாங்க கடைக்காரம்மா. ஹைபிரிட்டைக் கொண்டாந்து நிறுத்தினாங்க. அதோட சீட்டை அழுத்தினார், விரல் உள்ள போகல. "என்னம்மா இது, செங்கல்லை வச்சு விக்கிறீங்க?"

"சைக்கிள்ல உக்காரக்கூடாது சார், மிதிக்கணும். பாதி பாரம் காலுக்கு, கொஞ்சம் கைக்கு, மிச்சம்தான் சீட்டுக்கு. பத்து நாள்ல பழகிடும்."

முப்பத்தி நாலு வருஷமா சீட்டைப் பத்தி ஊருக்குச் சொன்னவருக்கு ஒருத்தி சொல்லிக் கொடுக்கிறா. மூஞ்சி விழுந்துடுச்சு. நான் விடல, ஹைபிரிட்டையே எடுக்க வச்சேன். கால் அளவு எடுத்து, பெடல் கீழ போகும்போது முட்டி லேசா மட்டும் மடங்குற மாதிரி சீட்டை ஏத்திக் கொடுத்தாங்க. வழியெல்லாம் அவர் அதுல ஏறாம, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வந்தார்.

ரெண்டு நாள் கழிச்சு மாடியிலேருந்து பார்க்கிறேன், கீழ சைக்கிள் நிக்குது. சீட்டு மேல நாலு அங்குலத்துக்கு ஃபோம். மெரூன் ரெக்சின், ஓரத்துல கயிறு மாதிரி உருட்டிப் பைப்பிங் வச்சுத் தையல், நடுவுல ஒரு பொத்தான். சோபாவுக்கு வைக்கிற அதே பொத்தான். உயரம் கூடிப் போச்சுன்னு சீட்டுக் கம்பியை வேற அடி வரைக்கும் இறக்கியிருந்தார். அதுல ஏறி, ஜமீன்தார் மாதிரி, தெருவைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டுப் போனாரே, எனக்குக் கதவைச் சாத்திக்கலாம்னு இருந்துச்சு.

முதல் நாள் சிரிச்சுக்கிட்டே வந்தார். ரெண்டாவது வாரம் ரோடு சரியில்லைன்னார். மூணாவது வாரம் சைக்கிள் சரியில்லைன்னார். தொடை ரெண்டும் உரசிப் புண்ணாகி பவுடர் டப்பா ரெண்டு காலி. மேல சொன்னா கேவலம், காலை அகட்டி அகட்டித்தான் நடந்தார். முட்டி பன்னு மாதிரி வீங்கிப் போச்சு. ஒரு சாயங்காலம் சோபால உக்காந்தவர் எழுந்திரிக்கவே இல்ல. "பொண்ணுகிட்ட சொல்லிடு, அந்தக் கீழ் வீட்டைப் போய்ப் பார்க்கலாம்"னார்.

கேலி பண்ணிக்கிட்டே இருந்தவ நான். அன்னைக்கு பயந்துட்டேன். வீடு போறது கூட அப்புறம். அவர் தைச்ச சோபாலயே அவர் இப்படி உக்காந்துடுவாரோன்னு பயந்துட்டேன்.

மறுநாள் சைக்கிளை நானே தள்ளிக்கிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா அந்த மெரூன் மெத்தையில கட்டைவிரலை வச்சாங்க. கணு வரைக்கும் உள்ள போச்சு. "உக்கார உக்கார இவரு உள்ள இறங்குறாரு அக்கா. கம்பியும் இறக்கியாச்சு. முட்டி ஒவ்வொரு மிதிக்கும் முழுசா மடங்குது, இது எந்த முட்டிக்கும் ஆகாது. அகலம் தொடையை அறுக்குது. பிரிச்சு எடுக்கச் சொல்லுங்க."

நேரா பட்டறைக்குப் போனேன். நாற்காலி ஒண்ணுக்கு ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாயில இருந்த அத்தனை ஆணியையும் உள்ளங்கையில துப்பிட்டுப் பேசினார். கல்யாணமான நாள்லேருந்து எனக்காக அவர் ஆணியைத் துப்பினது அதுதான் முதல் தடவை.

"என் மெத்தை இதுவரைக்கும் ஒருத்தரையும் வலிக்க வச்சதில்ல. என் கையால போட்டதை நானே பிரிக்கணுமா?"

"மெத்தையை யாருங்க குத்தம் சொன்னா? உக்கார்றதுக்கு அது ராஜா சீட்டு. நீங்க உக்காரவா போறீங்க? எனக்கு நீங்க நடமாடிக்கிட்டு இருக்கணும். உங்க பெருமையைத் தூக்கிக்கிட்டு நான் மூணு மாடி ஏற முடியாது."

கையில இருந்த ஆணியை டப்பாவுல கொட்டினார். அப்புறம் பிளேடை எடுத்துத் தையலைப் பிரிச்சார், ஒரு நூல் கிழியாம, பொறுமையா. ரெக்சினை மடிச்சு அலமாரியில வச்சார். அடியில அந்தக் கறுப்பு செங்கல் அப்படியே இருந்துச்சு. கம்பியைப் பழைய அளவுக்கு ஏத்தினார்.

முட்டி வீக்கம் வத்த ஒரு வாரம் விட்டோம். அப்புறம் அந்த சீட்டுல முதல் நாலு நாள் வாயில வந்த வார்த்தையெல்லாம் எழுத முடியாது. சைக்கிளை, கடைக்காரம்மாவை, டாக்டரை, அவங்க பரம்பரையை, யாரையும் விடல. பத்தாவது நாள் திட்டு நின்னுடுச்சு. ஒரு மாசத்துல ஒன்பது கிலோமீட்டர் பன்னெண்டாச்சு. கால்வாய்க் கரையில ஏதோ நீலக் குருவியைப் பார்த்தேன்னு ஒரு மணி நேரம் சொன்னார். மழை பெஞ்ச அன்னைக்கு சட்டை முதுகுல சேத்துக்கோடு நேரா ஒண்ணு, துவைச்சுத் துவைச்சு என் கை ஓஞ்சது.

மூணு மாசம் முடியுற ஞாயித்துக்கிழமை பொண்ணு முடிவு கேக்க வர்றதா சொல்லியிருந்தா. இவர் காலைலயே சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டார்.

கீழ கேட்டு சத்தம் கேட்டா நான் பாலை அடுப்புல வைப்பேன். அது பல வருஷப் பழக்கம். அவர் ஏறி வந்து சேர்றதுக்குள்ள டீ ஆகி, கொஞ்சம் ஆறியும் இருக்கும். அன்னைக்குக் கேட்டு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேர் பேச்சு சத்தமும் கேட்டுச்சு. பாலை வச்சேன். பால்ல ஆவி கூட வரல, காலிங்பெல் அடிக்குது.

கதவைத் திறந்தா இவர் நிக்கிறார். தனியா. வேர்வை இருக்கு, இளைப்பு இல்ல.

"டீ இன்னும் ஆகலைங்க"ன்னேன். அதைச் சொல்றதுக்குள்ள அழுதுட்டேன்.

"டீக்கெல்லாம் ஏன்டி அழற? முதல்ல பொண்ணுக்குத் தண்ணி கொண்டு போ. ரெண்டாவது மாடில உக்காந்துட்டா."

செம்புல தண்ணியோட இறங்கினேன். முப்பது வயசுப் பொண்ணு, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவ, படியில காலை நீட்டிக்கிட்டு கைப்பிடியைப் பிடிச்சபடி கிடக்கிறா. பாதித் தண்ணியைக் குடிச்சா. கொஞ்ச நேரம் மூச்சு விட்டா.

"அம்மா, அந்தக் கீழ் வீடு..."

"சொல்லுமா."

"நாங்களே மாறிக்கிறோம்."