பாலா அண்ணைக்கு ஒரு லீவர் துவக்கு

துவக்குக் கடையில, அதான் துப்பாக்கிக் கடையில, வாங்க வாறவருக்கு ஒரு குழப்பம் எண்டால், விக்கிறவனுக்கு ஒன்பது குழப்பம். கவுண்டருக்குப் பின்னால நிண்டு சீவியம் நடத்திற ஆக்கள் ஆராவது இதை வாசிச்சால், அது சப்பாத்துக் கடையோ போன் கடையோ சாறிக் கடையோ, என்ர பாடு உங்களுக்கு விளங்கும். "புதுசு நல்லதோ, பாவிச்சது நல்லதோ?" எண்டு ஒரு மனிசன் கேக்கும். நீங்கள் ஒண்டைச் சொல்லுவியள். உடன அந்தாள் மற்றதைப் பற்றிக் கேக்கும். அதையும் சொல்லுவியள். கடைசியில ரெண்டு பேருக்கும் ஒண்டும் விளங்காது. அப்பிடி மாசக்கணக்கா இழுபட்ட ஒரு வியாபாரத்தைத்தான் இதில சொல்லுறன்.

என்ன வேலை?

கடை லண்டனின்ர கிழக்கு விளிம்பில கிடக்கு. முதலாளி ஜெரால்ட், எழுபது தாண்டின வெள்ளைக்காரர். வேட்டைத் துவக்கு, அதுக்குப் போடுற ரவை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் விப்பம். என்னை முதல்ல பூட்ஸ் பக்கத்துக்குத்தான் எடுத்தவை. துவக்குப் பக்கம் நிண்டவர் வேலையை விட்டிட்டுப் போக, என்னை அங்கால தள்ளிவிட்டினம். இண்டைவரைக்கும் நான் ஒரு வெடி வைச்சுப் பாத்ததில்லை. எனக்குத் தெரிஞ்சது முழுக்க கற்றலொக் வாசிச்ச அறிவு.

வீட்டில மனுசி ஆரும் கேட்டால் "ஸ்போர்ட்ஸ் சாமான் கடை" எண்டு சொல்லிச் சமாளிக்கிறவ. அவவைப் பிழை சொல்லேலாது. வந்த புதுசில குரோய்டன் கந்தோரில அகதி விசாரணைக்கு இருக்கேக்க, துவக்கைக் கையால தொட்டிருக்கிறியோ எண்டு கேட்டவை. இல்லவே இல்லை எண்டு சத்தியம் பண்ணினனான். அது நூற்றுக்கு நூறு உண்மை. இந்த வேலை கிடைச்ச அண்டு டூட்டிங்கில இருக்கிற என்ர மச்சானுக்கு போனில சொன்னன். அவன் சிரிச்சு முடிய ஐஞ்சு நிமிசம் எடுத்தது. பேந்து சொன்னான்: "அந்தக் கேள்வியை அவங்கள் கொஞ்சம் பிந்திக் கேட்டிருக்கவேணும், மச்சான்."

இடது கை

பாலா அண்ணை ஒரு சனிக்கிழமை கடைக்குள்ள வந்து, என்னைக் கண்டிட்டு, திரும்பி வெளியில போய் கடைப் பேர்ப் பலகையை வாசிச்சுப்போட்டு மறுபடி உள்ள வந்தவர். இல்ஃபோர்ட்டில இருக்கிறார். கனகாலம் பஸ் ஓடி ஓய்வெடுத்த மனிசன். சும்மா இருக்கேலாமல், கென்ற் பக்கம் ஒரு வெள்ளைக்காரரிட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அப்பிள் மரக்கண்டு வைச்சிருக்கிறார். போன மாரிக் குளிருக்கு மான் வந்து பாதிக் கண்டின்ர பட்டையை உரிச்சுத் திண்டு போட்டுது. இந்த மாரியும் அப்பிடி நடந்தால் நிலத்தைக் குதிரைக்காரருக்குக் குடுக்கப்போறன் எண்டு நிலக்காரர் சொல்லிப்போட்டார். அதுதான் துவக்கு லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். லீவர் றைபிள்தான் வேணுமாம்.

லீவர் றைபிள் எண்டால், துவக்கின்ர கீழ்ப்பக்கம் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழ தள்ளி மேல இழுத்தால், வெடிச்ச வெறுங்கோது வெளியில பாயும், அடுத்த ரவை உள்ள ஏறும். மற்ற றைபிளுகளில இந்த வேலைக்கு வலது பக்கத்தில ஒரு பிடி இருக்கும். இங்க முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வாங்குகினம், நீங்கள் ஏன் இதைக் கேக்கிறியள் எண்டு கேட்டன். பயிற்சிக்குப் போன இடத்தில இடது தோளில வைச்சால்தான் தனக்குச் சரிவந்ததாம். ஆனால் கடைப் படிவத்தில பேனை பிடிச்சுக் கையெழுத்து வைச்சது வலது கையால. நான் பேனையைப் பாக்கிறதைக் கண்டிட்டுச் சொன்னார்: "சாப்பாட்டையும் எழுத்தையும் அம்மா அடிச்சடிச்சு வலது கைக்கு மாத்திப்போட்டா. வெடி மட்டும் அவவுக்குத் தெரியாமல் இடது பக்கம் தங்கீட்டுது, தம்பி."

பிள்ளையாருக்குப் பின்னால

இந்த நாட்டுச் சட்டப்படி துவக்கை இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கவேணும். பெட்டிச் சாவி, நாங்கள் சொல்லுற திறப்பு, எங்க கிடக்கெண்டு லைசென்ஸ்காரரைத் தவிர ஆருக்கும் தெரியக்கூடாது. பெண்சாதிக்கும் தெரியக்கூடாது. எங்கட வீடுகளில நடக்கிற காரியமே இது? பாஸ்போட், நகை, வீட்டு உறுதி எல்லாம் சாமி அறையில. பொறுப்பு முழுக்க வீட்டுக்காரி கையில. இதை நான் பாலா அண்ணைக்கு மூண்டு தரம் சொன்னனான். மூண்டு தரமும் ஓம் ஓம் எண்டவர்.

பொலிஸ்காரர் வீடு பாக்க வந்திருக்கிறார். பாலா அண்ணையின்ர மனுசி மனோ அக்கா தேத்தண்ணியும் ரோல்சும் வைச்சிருக்கிறா. திறப்பை எங்க வைச்சிருக்கிறீர் எண்டு பொலிஸ்காரர் அண்ணையைக் கேட்டால், அண்ணைக்குப் பதட்டத்தில மறந்துபோச்சு. மனுசனுக்கு உதவி செய்யவேணும் எண்ட நல்ல மனசில மனோ அக்கா சொல்லியிருக்கிறா: பிள்ளையார் படத்துக்குப் பின்னால கிடக்கு, விளக்குக் கொழுத்தேக்க தூசி துடைச்சு நான்தான் திரும்ப வைச்சனான். பொலிஸ்காரர் ரோல்சைக் கீழ வைச்சிட்டார்.

நல்ல காலம், அந்தாள் பொல்லாத மனிசனில்லை. நம்பர் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி ஒண்டு வாங்கித் திறப்பை அதுக்குள்ள வை, திரும்ப வந்து பாக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார். தோட்டமே போச்செண்டு நினைச்சு அண்ணை என்னட்டை வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. அண்டு பின்னேரம் மனோ அக்கா எனக்கு போன் எடுத்தா: "இந்த மனிசன்ர காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள என்ன கிடக்கெண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து எனக்குத் தெரியும். இப்ப தெரியக்கூடாது எண்டு சொல்ல இவையள் ஆர்?"

முதலாளியின்ர தீர்ப்பு

ஒரு மாதிரி லைசென்ஸ் வந்திட்டுது. கடையில அந்த நேரம் அவருக்குத் தோதா ரெண்டு லீவர் றைபிள்தான் இருந்தது. ஒண்டு புத்தம் புதுசு. கறுப்புப் பிளாஸ்ரிக் பிடி, பாதுகாப்புக்குப் பட்டன், மேல தொலைநோக்கி பூட்டலாம். மற்றது பழசு. வோல்நட் மரப்பிடி, பட்டன் ஒண்டும் இல்லை. வெறுங்கோது மேலால பாயிறபடியால் தொலைநோக்கி பூட்டேலாது. ஆனால் புதுசில கோது வலப்பக்கமாப் பாயும். இடது தோளில வைக்கிற ஆளுக்கு அது மூக்குக்கு முன்னால போகும். பாலா அண்ணையின்ர கண்ணோ கண்ணாடி போட்டும் மங்கல். ஆக, கண் புதுசைக் கேக்குது, கை பழசைக் கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?

ஜெரால்டைக் கேட்டன். திங்கட்கிழமை அவர் சொன்னார், பழசுதான், அந்தக் காலத்து வேலைப்பாடு இப்ப வராது எண்டு. அதை நான் அண்ணைக்குச் சொன்னன். வியாழக்கிழமை வேற கதையில அவரே சொல்லுறார், பழசு என்ன பாடு பட்டு வந்ததெண்டு ஆருக்குத் தெரியும், புதுசுதான் நிம்மதி எண்டு. எனக்கு விசர் வந்திட்டுது. ரெண்டில எது சரி எண்டு நேரடியாக் கேட்டன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "திங்கள் பழசு சரி, வியாழன் புதுசு சரி. நீ ஏன் ரெண்டு நாளையும் சேத்துப் பாக்கிறாய்?"

ஆற்ற துவக்கு?

அடுத்த முறை மனோ அக்காவும் கூட வந்தா. பழசைப் பாத்திட்டு முதல் கேள்வி, இது ஆற்ற, முந்தி ஆர் வைச்சிருந்தது? எங்கட தொழிலில பாவிச்ச துவக்கு வாறது பெரும்பாலும் செத்த வீடுகளில இருந்துதான். மனிசன் போனால் மனுசி அதை வீட்டில வைச்சிருக்கேலாது, கொண்டுவந்து எங்களிட்டைத் தந்திடுவா. நான் வேற ஏதும் சொல்லியிருக்கலாம். வாய் உண்மையைச் சொல்லிப்போட்டுது. மனோ அக்கா கவுண்டரில வைச்ச கைப்பையை எடுத்து மடியில வைச்சா. செத்த மனிசன்ர சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாது எண்டு முடிவாச் சொன்னா.

சமாதானப்படுத்திறன் எண்டு நான் ஒரு நியாயம் சொன்னன். அக்கா, நீங்கள் இருக்கிற இல்ஃபோர்ட் வீடு நூறு வருசப் பழசு, அதுக்குள்ள எத்தினை பேர் செத்திருப்பினம், அதில இருக்கிறியள்தானே எண்டன்.  கிழமை கழிச்சு அண்ணை தனிய வந்தார். அங்க ஆர் செத்ததோ எண்டு பயந்து, அக்கா மேல்மாடி அறையில படுக்க மாட்டன் எண்டு பாயை எடுத்துக்கொண்டு கீழ வந்திட்டாவாம். அண்ணை கவுண்டரில ரெண்டு கையையும் ஊண்டிக்கொண்டு சொன்னார்: "துவக்கைப் பற்றிக் கேக்க வந்தம் தம்பி, நாங்கள் இருந்த வீட்டையும் நீர் இல்லாமல் பண்ணிப்போட்டீர்."

வெள்ளி, செவ்வாய்

சரி, புதுசெண்டு முடிவெடுப்பம் எண்டால், மனோ அக்கா நாள் கணக்கோட வந்து நிக்கிறா. வெள்ளிக்கிழமை மான் சுடக்கூடாது, செவ்வாய் கூடாது, சஷ்டி கூடாது, மார்கழித் திருவெம்பாவைப் பத்து நாளும் நினைச்சும் பாக்கக்கூடாது.  அண்ணை போனை எடுத்து எனக்கு ஒரு படம் காட்டினார். ரெண்டு வரிசைக் கண்டு, பட்டை உரிபட்டு வெள்ளையா நிக்குது. முந்தின நாள் விடிய எடுத்ததாம். அந்த மனிசன் அதைத் திரும்பத் திரும்பப் பெருப்பிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டார். இவ்வளவு நாளா ஒரு முடிவு சொல்லத் தெரியாமல் இழுத்தடிச்சதில என்ர பங்கும் இருக்கெல்லோ.

பக்கத்தில நிண்ட ஜெரால்ட், அந்த அம்மா விரல் மடிச்சு என்ன எண்ணுறா எண்டு கேட்டார். விரத நாளுகளை ஒவ்வொண்டா விளங்கப்படுத்தினன். மரியாதையாத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில கேட்டார்: "மானுக்கும் இதில ஒரு பிரதி அனுப்பியாச்சோ?"

கோட்டுக் கண்ணாடி

தை மாசம் தொடக்கத்தில அண்ணை தனிய வந்தார். புதுசைத் தாரும் தம்பி, கொண்டுபோறன் எண்டார். எனக்குப் பெரிய ஆறுதல். வழக்கப்படி வளையத்தைக் கீழ தள்ளி, உள்ள ரவை இல்லை எண்டு அவருக்குக் காட்டிப்போட்டுக் கையில குடுத்தன். மழைக்கோட்டுப் போட்டுப் பாக்கிறதுக்கெண்டு பூட்ஸ் பக்கம் ஒரு ஆளுயரக் கண்ணாடி வைச்சிருக்கிறம். அந்தப் பக்கம் திரும்பிக் கறுப்புத் துவக்கைத் தோளுக்குத் தூக்கினார். தூக்கினபடி நிண்டிட்டார்.

பேந்து மெல்ல இறக்கிக் கவுண்டரில வைச்சார்.  நான் ஒரு விசரன், தொலைநோக்கி சரியா வரேல்லையோ, கோது மூக்கில படும் எண்டு யோசிக்கிறியளோ எண்டெல்லாம் கேட்டன்.  நான் குடுத்த தண்ணியைக் குடிச்சிட்டு, கண்ணாடிப் பக்கம் பாக்காமல் சொன்னார்: "ஊரில சண்டை நேரம் இப்பிடிக் கறுப்புத் துவக்கோட ஒருத்தன் ஒழுங்கையால திரும்பிறதைக் கண்டால் நான் மதில் பாய்ஞ்சு ஓடினனான். இப்ப உந்தக் கண்ணாடிக்குள்ள நிக்கிறதும் அவன்தான், தம்பி."

மரப்பிடி

நீங்கள் தவிக்கக்கூடாது, முடிவை முதலே சொல்லிப்போடுறன். கண்டுகள் தப்பீட்டுது. அண்ணை மிச்ச மாரி முழுக்க விடியக்காலையில போய் நிண்டார், வெள்ளி செவ்வாய் தவிர. மிஞ்சின வரிசையெல்லாம் பூத்துப்போட்டுது. நிலக்காரரும் குதிரைக் கதையை விட்டிட்டார். ஆனால் அதுக்கு முதல் நடந்தது இதுதான். அடுத்த சனிக்கிழமை அவை ரெண்டு பேரையும் நானாத்தான் கூப்பிட்டன். பழைய துவக்கின்ர பின்பக்கத்தில ஜெரால்ட் குறி பாக்கிற சின்ன வளையம் ஒண்டு பூட்டித் தந்தார். அதுக்குள்ளால பாத்தால் வயசுபோன கண்ணுக்கும் கிட்டவும் தூரமும் தெளிவாத் தெரியும். இவ்வளவு நாளும் இது ஏன் என்ர மூளைக்கு எட்டேல்லை எண்டு கேக்காதேங்கோ. நான் கண்ணையும் கையையும் பற்றியே கதைச்சுக்கொண்டிருந்தனான். அந்த மனிசன் எதுக்குப் பயப்பிடுறார் எண்டு ஒரு நாளும் கேக்கேல்லை. அதை நினைச்சால் இப்பவும் வெக்கமாக் கிடக்கு.

அண்ணை மரப்பிடியைத் தடவிப் பாத்தார். இடது தோளில வைச்சார். அவராவே கண்ணாடிப் பக்கம் திரும்பி, கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பேந்து, "இது தோட்டக்காரன்" எண்டு தனக்குத்தானே சொன்னார். எனக்கு மனோ அக்காவை நினைச்சுத்தான் பயம். செத்த மனிசன்ர சாமானல்லோ? அக்கா சுவர் ராக்கைத் தட்டில நிண்ட கறுப்புத் துவக்கைப் பாத்தா, மனிசன்ர கையில கிடந்ததைப் பாத்தா. கைப்பையைக் கவுண்டரில வைச்சிட்டு, என்னட்டை அமைதியாச் சொன்னா: "செத்தவன்ர துவக்குக்கு என்ன பயம், தம்பி? நாங்கள் ஓடினதெல்லாம் உயிரோட நிண்டவன்ர துவக்குக்கு."

அடுத்த நாளே வேற ஒரு மனிசன் வந்து புதுசு நல்லதோ பழசு நல்லதோ எண்டு கேட்க, இவ்வளவும் பட்டுத் தெளிஞ்ச நான் சொன்ன மறுமொழி, "கொஞ்சம் பொறுங்கோ, இண்டைக்கு என்ன கிழமை எண்டு பாத்துச் சொல்லுறன்."