மஸ்தான் தன்மேல் கொடுத்த புகார்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் பைக் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கும் மஸ்தானுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் இன்னொரு உத்தியோகம் உண்டு. கபடி நடுவர். தேர்வு எழுதி, பாஸ் செய்து, அடையாள அட்டை வாங்கிப் பதினோரு வருடமாக விசில் ஊதுகிறார். இத்தனை வருடத்தில் எந்தத் தீர்ப்புக்காகவும் அவரை யாரும் ‘ஏன்’ என்று கேட்டதில்லை. அதை அவர் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஏற்பாடே கிடையாது என்பது போன ஆவணி மாதம்தான் அவருக்குப் புரிந்தது.

கடையில் அந்தச் சொகுசெல்லாம் இல்லை. தையல் பிரிந்தால் வண்டிக்காரன் மறுநாள் காலையிலேயே வந்து நிற்பான். நாலு பேர் எதிரில் கத்துவான். மஸ்தானும் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி தைத்துக் கொடுப்பார். ஒரு சீட்டு உறைக்கு இருக்கிற பாதுகாப்பு ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்கு இல்லை என்றால் அது என்ன நியாயம்?

அந்தப் பெண் வினோதினி. கீழ்பென்னாத்தூர். காலையில் வேர்க்கடலை பிடுங்கப் போய்விட்டு, சாயங்காலம் கபடி பயிற்சிக்கு ஓடுகிறவள். ஜூனியர் பெண்கள் பிரிவில் இருபது வயதுவரைதான் ஆடலாம். அவளுக்கு அடுத்த மாதம் இருபது முடிகிறது. மாவட்ட அணியில் இடம் பிடித்து மாநிலப் போட்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் போலீஸ் தேர்வில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. வேங்கிக்கால் மைதானத்தில் நடந்த அரையிறுதிதான் அதற்கு வாசல். ஜெயித்த அணிகளிலிருந்து மட்டும்தான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். தோற்றவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு அணியும் இருபத்துநாலு புள்ளி. கடைசி ரெய்டு. வினோதினி பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் போதும், வெற்றி.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். நம் ஊரில் விருந்தினர் வந்துவிட்டால் மழை நின்றாலும் மின்சாரம் நின்றாலும் பொன்னாடை நிற்காது. ‘இப்போது நடுவர்களைக் கௌரவிக்கிறார்’ என்று மைக் அலறியது. சங்கச் செயலாளர் சகாதேவன் விருந்தினரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆடுகளத்தின் கோட்டுக்கே வந்துவிட்டார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறதே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எதிர்ப்பக்கத்து நடுவருக்கு முதலில் போர்த்தினார்கள். அவர் அதை மடித்துக்கொண்டிருக்கும்போதே மஸ்தான் தோளிலும் ஒன்று விழுந்தது. போட்டோக்காரர், “பாய், இங்க பாருங்க” என்றார். மஸ்தான் பார்த்தார். சிரிக்கவும் செய்தார்.

இரண்டு விநாடிதான். அவர் திரும்பியபோது வினோதினி ஆடுகளத்தின் ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்து நடுக்கோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். யாரையாவது தொட்டுவிட்டு லாபியில் இறங்கினால் தப்பில்லை. தொடாமல் இறங்கினால் அவுட். தொட்டாளா? மஸ்தானுக்குத் தெரியாது. ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஊதினார். அவுட் என்று கையைத் தூக்கினார்.

“தொட்டேன் சார்! அவ கால் விரல்ல தொட்டேன் சார்! அவளையே கேளுங்க!” என்று வினோதினி கத்தினாள்.

மஸ்தான் பையிலிருந்து பச்சை அட்டையை உருவி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். உண்மையைச் சொன்னதற்கு எச்சரிக்கை! அந்த அவுட்டில் எதிரணிக்கு ஒரு புள்ளி போனது. கீழ்பென்னாத்தூர் தோற்றது.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மனைவி பீபி ஜான் செல்போனை நீட்டினாள். யாரோ எடுத்த வீடியோ, ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவளிடம் வந்திருந்தது.

“என்னாங்க, இந்தப் பொண்ணு நல்லா தொட்டிருக்குதே. நீங்க எங்க பாத்துனு இருக்கீங்க?”

மஸ்தான் பார்த்தார். வினோதினியின் கட்டைவிரல் எதிராளியின் காலில் தெளிவாகப் படுகிறது. ஓரத்தில் அவர் பொன்னாடையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் புகார் எழுதினார். தன் பெயரைப் போட்டு, தன்மேலேயே.

சகாதேவன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “இன்னா பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நான் பாக்கல சார். பாக்காமயே ஊதிட்டேன். வெள்ளிக்கிழமைதான லிஸ்ட்டு போவுது? அதுக்குள்ள அந்தப் பொண்ண செலக்‌ஷனுக்காவது கூப்புடுங்க. எனக்கு என்னா தண்டனையோ அதக் குடுங்க.”

“புகார்னா டீம் மேனேஜர் குடுக்கணும். அதுவும் மேட்ச் முடிஞ்சு அரை மணி நேரத்துல. அம்பயரே குடுக்குறதுக்கெல்லாம் ரூல் இல்ல.”

“வீடியோ இருக்குது சார்.”

“வீடியோவ யாரு கேட்டா? அம்பயர் சொன்னா சொன்னதுதான். இன்னிக்கு உங்கள விசாரிச்சா நாளைக்கு அத்தனை பேரையும் விசாரிக்கணும். அப்புறம் எவன் விசில் ஊத வருவான்?”

“ஒழுங்கா பாத்து ஊதறவன் வருவான் சார்.”

சகாதேவன் முகம் சுண்டிப்போனது. “கடையப் போய்ப் பாருங்க பாய்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மஸ்தான் கடையைப் பார்க்கவில்லை. புகாரையும் வீடியோவையும் நடுவர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். இரண்டு மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். வருடக்கணக்கில் கூடாத ஒழுங்கு நடவடிக்கைக் குழு மறுநாளே கூடியது. வியாழக்கிழமை மஸ்தான் கைக்குக் கடிதம் வந்துவிட்டது. சங்கத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக ஆறு மாதத் தடை. தப்பாகக் கொடுத்த அவுட்டைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. பார்க்காமல் ஊதியது குற்றமில்லையாம். பார்க்கவில்லை என்று வெளியே சொன்னதுதான் குற்றமாம்! வெள்ளிக்கிழமை மாவட்ட அணிப் பட்டியல் போனது. வினோதினி பெயர் இல்லை.

ஆனாலும் அந்தக் கடிதத்தில் மஸ்தானுக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. எப்படியோ தண்டனை என்று ஒன்று கிடைத்துவிட்டது, அதை அந்தப் பெண்ணிடம் காட்டினால் தன் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார். சனிக்கிழமை பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனார்.

வினோதினி களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, நின்றபடியே முழுசாகப் படித்தாள்.

“என்னை மன்னிச்சிடும்மா. எனக்கும் தண்டனை குடுத்துட்டாங்க.”

“ஆறு மாசம் கழிச்சு உங்க விசில திருப்பிக் குடுத்துடுவாங்க இல்ல சார்?”

“ஆமாம்மா.”

“என் வயச யாரு சார் திருப்பிக் குடுப்பாங்க?”

அவள் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடலையைக் கிளறப் போய்விட்டாள். இனி விசிலைத் தொடுவதில்லை என்று மஸ்தான் பஸ்ஸில் முடிவு செய்தார். திருவண்ணாமலை வருவதற்குள் அந்த முடிவும் அவருக்குக் கோழைத்தனமாகத் தோன்றியது. அவர் ஒதுங்கிக்கொண்டால் சங்கத்துக்குத்தான் வசதி.

மாசி மாதம் குரூப்பில் தகவல் வந்தது. மஸ்தானின் தடை முடிந்தது, வரும் ஞாயிறு போட்டிக்கு வரவும். அவர் பதில் எழுதினார்: ‘வருகிறேன். அதற்கு முன்னால் வினோதினிக்கு என்ன பதில் என்று சொல்லுங்கள்.’

ஐந்து நிமிடத்தில் அவரைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.