விசை நகரவில்லை

குறிசுடும் கிளப்பில் பயிற்சிக்காகப் பழைய ரிவால்வர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போயிருந்தேன். எடை, பிடி, விசையின் இழுப்பு என்று வரிசையாகச் சோதித்துக்கொண்டே வந்தேன். ஒன்றை எடுத்ததும் துப்பாக்கி எண்ணெய் வாசனை வந்தது. அப்பாவின் சட்டையில் இருந்த வாசனை.

அப்பா லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையின் காவலாளி. மதியம் அம்மாவும் நானும் சாப்பாடு கொண்டுபோனால், கடை வாசலில் ஊதுபத்திப் புகைக்கு நடுவே, இதே மாதிரி ரிவால்வரைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். பளபளவென்று இருந்தால் முதலாளிக்குப் போதும்.

ஒருநாள் கொள்ளையர்கள் வந்தார்கள். அப்பா சுடவில்லை. விசை நகரவில்லை என்றார். யாரும் துப்பாக்கியைச் சோதிக்கவில்லை. அப்பாவைத்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

“நம்ப மச்சான் துப்பாக்கிய புடிச்சிக்கிட்டு பொம்ம மாதிரி நின்னாரு லா!” என்று மாமா தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். அம்மாவும் சிரிப்பார். அப்பா முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.

“அது வேணாம், தங்கச்சி,” என்றார் கிளப்பின் பயிற்சியாளர், என் கையிலிருந்த ரிவால்வரைப் பார்த்து. “குழலுக்குக் கீழ இருக்கிற இந்தக் கம்பி லூசாயிருச்சின்னா தோட்டா இருக்கிற உருளை சுத்தாது. விசைய எவ்ளோ இழுத்தாலும் அசையாது. அப்பப்ப முறுக்கி வைக்கணும்.”

“வெளியே துடைச்சிக்கிட்டே இருந்தா?”

“பளபளன்னு இருக்கும் லா,” என்று சிரித்தார்.

அதைக் கீழே வைத்தேன். ஊர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, சாவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவே என்னிடம் சொல்லியிருந்தார்: “அன்னைக்கு நான் பயந்துட்டேன் போலம்மா.”