ராணி வால்ல வேரோட நாலு முடி

ஊர்ல எல்லாரும் குதிரை மேல ஏறிப் பொழைப்பாங்க. நாங்க பின்னாடி நின்னு முடி புடுங்கிப் பொழைக்கிறோம். கஸ்டமர்கிட்ட திட்டு வாங்குற டெலிவரி, கேபிள், கேஸ் சிலிண்டர் அண்ணன்மாரே, உங்களுக்கு வாயோட சரி, எங்களுக்குக் காலும் வரும்.

மேப்பு

ரெண்டு காலேஜைப் பாதியில விட்ட எனக்குக் கெடச்சது டிஎன்ஏ லேப் வேலை, அதுவும் ட்ரையல்ல. குதிரையில அப்பா, அம்மா, குட்டி மூணு பேர் முடியும் வேரோட வேணும். மார்க்கர்னா டிஎன்ஏவுல இருக்கிற அடையாளப் புள்ளி; குட்டிக்கு எந்தெந்த மார்க்கர் சேந்தே எறங்குதோ, அதெல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுன்னு அர்த்தம். அப்படியே தெருத் தெருவா புடிச்சா குதிரையோட ஜீன் மேப்பு ரெடி.

அப்பாவும் குட்டியும் முடிஞ்சுது. அம்மா ராணி பாக்கி. அது சொதப்புனா நான் மாமா கடையில மொபைலுக்கு கிளாஸ் ஒட்டணும். ராணி ஸ்ரீராம்புரத்துல கல்யாண ஊர்வலக் குதிரை. ஓனர் கோபி அண்ணன்கிட்ட மேட்டரைச் சொன்னேன்.

"ராணிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழி தெரியும் தம்பி, மேப்பு எதுக்கு?"

ரிசல்ட்

பிடரியைத் தொடாத, கல்யாண போட்டோவுல தெரியும்னுட்டார் அண்ணன். வால்ல அவரே நாலு முடி உருவிக் குடுத்தார். வேர் இருந்துச்சு. பந்தாவா கொண்டுபோய் லேப்ல குடுத்தேன். ரெண்டு நாள்ல லேப் மேடம் கூப்பிட்டாங்க.

"ஏனப்பா, குதிரை மார்க்கர் ஒண்ணுகூட ஏறல. மனுஷ மார்க்கர் போட்டா ஜம்முனு ஏறுது. யார் வாலைப் புடிச்சு இழுத்த?"

வால்

திரும்ப ஓடினேன். அண்ணன் வெளிய போயிருந்தார். அவர் சம்சாரம் செல்வியக்கா, நீயே எடுத்துக்கன்னாங்க. சைடுல நின்னு ஒரே இழு. மொத்த வாலும் கையோட வந்துடுச்சு. உள்ள பாத்தா, பாவம், தேஞ்ச தொடப்பம் மாதிரி கொஞ்சூண்டுதான் நெஜம்.

அந்த நேரம் பாத்து அண்ணன் வர்றார். அக்கா என் கையில இருந்ததை வாங்கி, திருப்பிப் பாத்து, மோந்தும் பாத்தாங்க. சீப்புல வந்த சொந்த முடியைச் சேத்துக் கட்டி, மாசக்கணக்கா தேடிட்டிருந்த அவங்க சவுரி.

"நான் போகாத கல்யாணத்துக்கெல்லாம் என் சவுரி போயிட்டு வந்திருக்கு."

பிடரி

அக்காவே ராணி மூஞ்சியைப் புடிச்சுக்கிட்டு, பிடரியில எடுன்னாங்க. இந்தத் தடவை அசல் குதிரை. மேடம் வேலையையும் நிரந்தரம் பண்ணிட்டாங்க.

ஸ்வீட்டோட சொல்லப் போனேன். அக்கா இன்னும் சிரிச்சு முடிக்கல. அண்ணன் என்னை ஓரமா இழுத்துட்டுப் போய்க் காதுல சொன்னார்:

"அந்த மேப்புல வாலை மட்டும் கொஞ்சம் நீட்டமா போடச் சொல்லுப்பா."

குதிரைக் குடும்பத்தைத் தேடிப் போனா, வேரோட கைக்கு வர்றது மொதல்ல மனுஷக் குடும்பம்தான்.